பயனற்ற குழாயின் பயன்கள்

கடலுக்கடியில் கிடக்கும் பயனற்ற குழாய்களை அகற்றத் திட்டமிடும் எங்கள் அலுவலகம், தாம்பரம் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இயங்குகிறது. கடல் இங்கே எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். கடலோரத்தில் உட்கார்ந்தால் கடலைப் பார்க்கத்தான் தோன்றும், திட்டமிடத் தோன்றாது. ஒன்பது வருஷமாகத் திட்டமிடுகிறோம். போர்டில் 'குழாய்' என்று இருப்பதால் முடிச்சூர்க்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்று வருவார்கள். அவர்களிடமும் மனு வாங்கி வைத்திருக்கிறோம்.

போன வருஷம் கானத்தூரிலிருந்து பொன்னுரங்கம் என்ற மீனவர் கிழிந்த வலையோடு வந்தார்.

"சார், அந்தக் குழாய்ல மாட்டிகினு மூணு வலை பூட்ச்சு. வேற வலை இல்ல. இனிமே கடலுக்கே போவ முடியாது. அத்த எப்போ எடுப்பீங்க?"

திட்ட அலுவலர் எலியேசர் சார் அவரை உட்காரச் சொன்னார். "எடுத்துடலாம். முதல்ல அது பயனற்றதுன்னு சான்று வேணும்."

"அதுல எண்ணெய் ஓடி இருபது வருசம் ஆச்சு சார்."

"அது வேற. வலையைக் கிழிக்குதா இல்லையா?"

"கிழிக்குது."

"அப்போ செயல்பாட்டுல இருக்கு. செயல்படுற குழாயைப் பயனற்றதுன்னு எப்படிங்க எழுதறது? ஆடிட்ல கேப்பாங்க."

"அதுனால யாருக்கு சார் யூஸு?"

இந்தக் கேள்வியை ஆராய ஒரு குழு அமைந்தது. அறிக்கை எழுதியவன் நான். மேற்படி குழாயால் பயன்பெறுவோர் பதினோரு பேர்: எலியேசர் சார், ஜீப் டிரைவர், டைப்பிஸ்ட் ஜோசலின் என்று அலுவலகப் பட்டியல் நீண்டு என்னோடு முடிந்தது. எனவே குழாய் முழுப் பயன்பாட்டில் உள்ளது, அகற்றலாகாது, அகற்றத் திட்டமிடுவது மட்டும் தொடரலாம். எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டாமா? பொன்னுரங்கத்தைக் 'கடலடிக் குழாய்க் கண்காணிப்பு உதவியாளர்' என்று நியமித்தோம். மறுநாளே சட்டையை இன் பண்ணிக்கொண்டு பத்து மணிக்கு வந்துவிட்டார்.

போன வாரம் அவருடைய மச்சான், அதே குழாயில் கிழிந்த தன் வலையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"இன்னா மாமா, நீ இங்க கீறன்னுதான் வந்தேன். யூஸில்லாத அந்தக் குழாய எப்போ எடுப்பாங்க?"

பொன்னுரங்கம் கழுத்திலிருந்த அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"யூஸில்லன்னு யார் சொன்னா? பன்னெண்டு குடும்பம் அதுலதான் துன்னுகினு கீது. மனுவ வச்சிட்டுப் போ."