தராசு மாமாவும் இரண்டு சினிமாப் பொருட்காட்சிகளும்

கண்ணுகளா, எதையும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தொடாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் எங்கள் பனியன் கம்பெனியில்தான் துணி வெட்டினார். தராசு மாமா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கடை டீயையும் வாங்கி வைத்து, எது தேவலை என்று முடிவு செய்வதற்குள் இரண்டும் ஆறிவிடும்.

அறுபதுகளில் ஒரு கோடையில் திருப்பூருக்கு இரண்டு சினிமாப் பொருட்காட்சிகள் ஒன்றாக வந்தன. பல்லடம் ரோட்டில் ராஜா படத்து அரண்மனை செட்டு. சிம்மாசனத்தில் யாரும் உட்காரலாம். அவிநாசி ரோட்டில் காட்டுப் படத்து செட்டு. குகையிலிருந்து புலி பாயும். முதலாளி ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பங்களுக்கு லாரி விடுவதாகச் சொன்னார். ஆனால் ஒரு இடத்துக்குத்தான். எது என்று சனிக்கிழமைக்குள் தராசு மாமா பார்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் லாரி நூல் ஏற்றப் போய்விடும். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த உங்கள் அம்மா தூக்கத்திலும் புலி, புலி என்றாள்.

மாமா தினமும் போனார். சிம்மாசனத்தில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்ததில் காவலாளி கையைப் பிடித்து இறக்கிவிட்டாராம். காட்டில் புலி பாய்ந்ததும் எல்லோரும் ஓட, இவர் மட்டும் நின்று அதன் தோலை விரலால் தேய்த்துப் பார்த்திருக்கிறார்.

"பனியன் துணிங்க. தொண்ணூறு சைஸ் ஆளுக்கு நூத்தஞ்சு தெச்சிருக்காங்க," என்று வருத்தப்பட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கட்டிங் மேசையைச் சுற்றி நின்றோம். மாமா அரண்மனை என்றார். டெய்லர் சுப்பாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க மாமா, கொழந்தைக புலி புலின்னு உசுரை வாங்குதுக. வெறும் நாற்காலியைப் போய் என்னத்தைப் பாக்கறது?"

"புலிக்குள்ள ஒரு ஆளு இருக்கறானுங்க. தலையைக் கழட்டறப்ப பாத்தேன், தண்ணில முக்கி எடுத்தாப்பல இருந்தான். நம்ம லாரி போய் நின்னா ஒவ்வொரு கொழந்தைக்கும் ஒருக்கா பாயோணும். சிம்மாசனத்துக்கு வேர்க்காதுங்க."



ஞாயிறன்று எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் ராஜா ஆனார்கள். உங்கள் அம்மா புலியை மறந்து, சிம்மாசனத்தை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். கிளம்பும்போது மாமாவைக் காணோம். டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகு, வாடகை சைக்கிளில், கழுத்தில் அளவெடுக்கும் இஞ்ச் டேப்போடு வந்து சேர்ந்தார்.

"புலிக்கு அளவெடுக்கப் போயிருந்தேனுங்க. கக்கத்துல காத்துப் போறாப்பல வெட்டிக் குடுக்கோணும்."

டிரைவர் பக்கத்து இடத்துக்கு எங்களுக்குள் எப்போதும் அடிதடிதான். அன்று அதில் இருந்தவர் தானாகவே இறங்கி வழி விட்டார். முன்னால் உட்காருவதா, பின்னால் ஏறுவதா என்று மாமா யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்து முடிக்கும்வரை லாரி நின்றது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.