உன் கல்யாணத்தை நெகட்டிவிலிருந்து மீட்ட விவரம்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். உங்கள் இருவரின் சுகத்தையும் விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

குழாய் உடைந்து உன் கல்யாண ஆல்பம் கூழாகிப் போனதென்று போனில் அழுதாயே, அன்றே என் பீரோவைக் குடைந்து நெகட்டிவ்களை எடுத்துவிட்டேன். எழுபத்திரண்டு படம், ஒன்றுகூடக் கெடவில்லை. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவளுக்கு ஃபிலிமைப் பாதுகாக்க யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஸ்கேனர் வாங்கினோம். "அதோட வந்த சாஃப்ட்வேரே போதும்மா, ஒரே பட்டன்தான்" என்றாள் என் மகள். அழுத்தினேன். மேடையில் இருந்த அத்தனை பேரும் கிணற்றில் விழுந்து மூன்று நாள் ஆனவர்கள் போல நீலம் பாரித்து வந்தார்கள். சரியென்று இன்னொன்றை இறக்கினேன். அது நிறத்தை ஒழுங்காகக் கொடுத்தது, ஆனால் இலவசம் என்பதால் தன் பெயரை உன் வீட்டுக்காரர் நெற்றியில் கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டது. மூன்றாவதைத் திறந்தால் திரை முழுக்கப் பொத்தான்கள்! உன் அத்தான் எட்டிப் பார்த்து, "இதுல பிளேனே ஓட்டலாம் போலிருக்கே, மூடிடு" என்றார். அவர் மூடச் சொன்னதால்தான் அதையே கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

பத்தொன்பது நாள், ஒரு நோட்டுப் புத்தகம். கலர் நெகட்டிவ் முழுக்க ஓர் ஆரஞ்சுச் சாயம் படர்ந்திருக்கும், தெரியுமா? நிறங்களைத் தலைகீழாக்கிப் படமாக மாற்றும்போது அதைக் கழிக்காமல் விட்டால்தான் எல்லாரும் நீலமாகிறார்கள். இரண்டு படத்துக்கு நடுவே காலி இடம் இருக்கிறதே, அங்கே ஒரு தட்டு தட்டி, 'இது வெறும் ஃபிலிம், இந்தச் சாயத்தை எடுத்துவிடு' என்று சாஃப்ட்வேருக்குப் புரியவைக்க வேண்டும். புரியவைத்தேன். அப்பா வந்தார். சந்தன நிறச் சட்டை, பக்கத்தில் நீ. அப்பா பல் தெரியச் சிரித்த படம் அது ஒன்றுதான். "ஏங்க, அப்பா வந்துட்டாரு, ஓடி வாங்க!" என்று கத்தினேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்த உன் அத்தான், நேராகப் போய் வாசல் கதவைத் திறந்துகொண்டு நின்றார். பதினோரு வருஷம் முன்பு காலமானவரை வரவேற்கக் கதவு திறந்த மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

பிறகு உட்கார்ந்து பார்த்தார். முகத்து நுரை காயும்வரை எழுந்திருக்கவில்லை. "நீ கெட்டிக்காரிதான்" என்றார். தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி இன்று காலை கூரியரில் அனுப்பிவிட்டேன். சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டு. யார் செய்தது என்று கேட்டால் கூச்சப்படாமல் என் பெயரைச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்கள். படங்கள் அதற்கு மேலும் இருக்கும், அது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டப் போகும்போது உன் அத்தான் கேட்கிறார், "ஏம்மா, கல்யாண ரிஜிஸ்டர்ல சகலை இடது கையாலயா கையெழுத்துப் போட்டாரு?" போய்ப் பார்த்தேன். ஃபிலிமைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறேன்; எழுபத்திரண்டு படத்திலும் இடம் வலமாகியிருக்கிறது. திருத்தி அனுப்பும்வரை லேப்டாப்பை நிலைக்கண்ணாடி முன்னால் வைத்து, கண்ணாடியில் பார்த்துக்கொள். நிறத்தில் மட்டும் ஒருவரும் குறை சொல்ல முடியாது.