யாராவது கத்துங்களேன்

திங்கட்கிழமை காலையில் வரவேண்டிய அறிக்கை மதியம்வரை வரவில்லை. பிலோவ்திவ் நகரத்துப் பார்சல் கம்பெனி ஒன்றில், முந்நூறு கணினிகளில் சிதறிக் கிடக்கும் தகவல்களைத் திரட்டித் தருவது லியூபெனின் வேலை. அன்று முந்நூறுக்கும் மூச்சு வாங்கியது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா கடலாவது, லீவாவது!" என்றார் மேலாளர் ராதோஸ்தினா.

கடற்கரை விடுமுறை லியூபெனுக்கு வருடா வருடம் தள்ளிப்போன பயணம். இந்தத் தடவையும் தவறினால் மனைவி ஸ்வேதா தனியாகவே கடற்கரைக்குப் போய்விடுவாள். திரும்பி வருவாளா என்பது அடுத்த கேள்வி.

தேடியதில் திருடன் அகப்பட்டான். 'குருவி' என்றொரு புரோகிராம் பாதிக் கணினிகளைத் தின்றுகொண்டிருந்தது. பேர்தான் குருவி, தீனியெல்லாம் யானைத் தீனி.

"இது யாரோடதுப்பா?"

"யாருக்குத் தெரியும்?" என்றான் பக்கத்து மேஜை அசென், பனீத்சா பலகாரத்தை மென்றபடி. "எழுதினவன் எப்பவோ வேலையை விட்டுப் போயிருப்பான். நிறுத்திப் பாரு. சொந்தக்காரன் இருந்தா கத்துவான்."

அவர்கள் தொழிலில் அதுதான் வழக்கம். நிறுத்துவது, யாராவது கத்தினால் மறுபடி ஓடவிடுவது. லியூபென் அன்றைக்கே குருவியை நிறுத்தினான்.

ஒருவரும் கத்தவில்லை. ருசி கண்ட பூனையாகிவிட்டான். மறுநாள் முகவரிகளைச் சரிபார்க்கும் புரோகிராமை நிறுத்தினான். அதற்கடுத்த நாள், எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று சொல்வதையும் நிறுத்தினான். அப்போதும் ஈ, காக்கைகூடக் கத்தவில்லை. கணினிகள் காற்றாய்ப் பறந்தன.

ஸ்வேதா போன் செய்தாள். "என் நீச்சலுடை பார்சல் எங்க? உங்க கம்பெனிதானே கொண்டு வருது?"

"வரும்டி."

"எத்தனை தடவை புகார் அனுப்பறது? சுவத்துல முட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"உனக்கு எப்பவும் குறைதான். இந்த வாரம் ஊர்ல வேற ஒருத்தர்கூட எங்களைக் குறை சொல்லலை, தெரியுமா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ராதோஸ்தினா திரையைக் காட்டிப் பூரித்தார். "பாருப்பா, புகார் சைபர்! கம்பெனி தொடங்கின நாள்லேருந்து இப்படி ஒரு வாரம் இருந்ததில்லை. சந்தோஷமா லீவுல போய்ட்டு வா."

லியூபெனுக்குத் தலைகால் புரியவில்லை. பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். எதிரே வாசல் காவலர் மின்ச்சோ இரைக்க இரைக்க நின்றிருந்தார்.

"மேடம், கீழ ஒரே கூட்டம்! திங்கக்கிழமையிலேருந்து அனுப்பின புகார் ஒண்ணுக்கும் பதிலே இல்லையாம், நேர்லயே கத்திட்டுப் போறோம்னு நிக்கிறாங்க. கையில பெட்டியோட வரிசையில முதல் ஆளா நிக்கிறது நம்ம லியூபென் சம்சாரம்."