புகையிலைத் தோட்டமும் தாவீது அரசனின் காசும்

காலக் கணக்கில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பெண் கொடுக்க வந்தவருக்கும்கூட.

1967, மாசி மாதம், ஒரு சனிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. சுன்னாகத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் என் முதல் சொற்பொழிவு: 'எபிரேய வேதம் எழுதப்பட்ட காலம்'. (சைவப் பொடியனுக்கு உது ஏன் எண்டு அம்மா கேட்டது நியாயம்தான்.) முன்வரிசையில் போதகர் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் தெல்லிப்பழைப் புகையிலைக் கமக்காரர் சின்னத்துரையர். அவருடைய மகள் பரமேஸ்வரிக்கும் எனக்கும் சாதகம் பொருந்தியிருந்தது. ஆளைப் பார்த்து முடிவு சொல்ல வந்திருந்தார். பரமேஸ்வரியை ரயில் நிலையத்தில் இரண்டு முறை கண்டிருந்த எனக்கோ, அந்த முடிவுதான் உயிர்.

"ஒரு நூல் தன் வயதைக் கூட்டிச் சொல்லலாம். அதில் வரும் பொருள்கள் சொல்லாது" என்று தொடங்கினேன். தாவீது அரசன் காலத்தில் கோயிலுக்குத் தலைவர்கள் கொடுத்ததாக வேதத்தில் பாரசீகக் காசு வருகிறது. பாரசீகர் அதை அடித்ததோ தாவீது இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. ஆபிரகாமின் ஒட்டகங்களும் அப்படியே: அவர் வாழ்ந்த நாட்டில் பொதி சுமந்த ஒட்டகங்களின் எலும்பு மிகப் பிந்திய மண்ணடுக்குகளில்தான் கிடைக்கிறது. போதகர் கோபிப்பார் என்று நடுங்கினேன். அவர், "நல்ல கேள்வி தம்பி" என்றார். பெருமையில் என் தலை கூரையில் இடித்தது.

சின்னத்துரையர் எழுந்து, சால்வைக்குள்ளிருந்து பழைய ஓலை ஒன்றை எடுத்தார்.

"தம்பி, பறங்கி வாறதுக்கு முன்னம் ராசா எங்கடை மூத்தாருக்கு எழுதிக் குடுத்த காணி உறுதி. இதுக்கும் காலம் சொல்லுமன்."

காணியின் எல்லைகளைப் பெருமையோடு வாசித்தார். வடக்கே பனைவேலி, கிழக்கே புகையிலைத் தோட்டம்.

மூளையுள்ளவன் "மிகப் பழையது" என்றிருப்பான்.

"மாமா, அப்ப உந்தத் தோட்டம் இருந்திருக்கேலாது. புகையிலையே பறங்கியோடைதான் வந்தது; தோட்டமாச் செய்தது அதுக்கும் கனகாலம் பிந்தி. உது குறைஞ்சது இருநூறு வருஷம் பிந்தினது." (சம்மதம் வருமுன்னே 'மாமா' என்றதையும் கவனிக்க.)

"அப்ப எங்கடை மூத்தார் கள்ள உறுதியோ முடிச்சவர்?"

"ஆர் எழுதினதெண்டு தெரியாது. எப்பவெண்டு மட்டும் சொல்லுவன்."

சபை வெடித்துச் சிரித்தது. அவர் விறுவிறென்று வெளியேறினார். மறுநாள் கலியாணத் தரகர் என் சாதகத்தைத் திருப்பித் தந்தார்.

எட்டாம் நாள் அதே தரகர் பல்லெல்லாம் தெரிய வந்தார். பரமேஸ்வரி தகப்பனிடம் சொன்னாளாம்: "ஐயா, கலியாணம் குழம்புமெண்டு தெரிஞ்சும் பொய் சொல்லாத மனிசன். வேறை என்ன பொருத்தம் பாக்கிறியள்?" (அந்த நேரம் எனக்குக் கலியாண நினைவே இருக்கவில்லை என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.)

வைகாசியில் தாலி கட்டினேன். மாமனார் கடைசிவரை அந்த ஓலையை என் கையில் தரவில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை முன்னால் இழுத்துவிடுவார்: "உவர்தான் என்ரை மருமேன். எங்கடை பரம்பரையிலை இருநூறு வருஷத்தை வெட்டினவர்!"

இப்போது என் பிள்ளைகளும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இருநூறு என்பது நான் மரியாதைக்காகக் குறைத்துச் சொன்னது.