வெயிலண்ணாச்சி வீட்டு மாடி

சூரியன் நாளைக்கும் வருமா என்று தினமும் கவலைப்பட்ட ஒரே மனிதரை எனக்குத் தெரியும். நாமெல்லாம் வெயிலைத் திட்டுவோம், குடை பிடிப்போம், நன்னாரி சர்பத் குடிப்போம். அவர் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நின்று, "இன்னும் கொஞ்சம் அடிச்சா நல்லாருக்கும்" என்று வானத்தைப் பார்த்துக் கெஞ்சுவார். திருநெல்வேலி வெயில் போதவில்லை என்று சொன்ன ஒரே ஜீவன் அவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் எனக்கே மறந்துவிட்டது. டவுணில் எல்லோருக்கும் அவர் வெயிலண்ணாச்சி. தேர் ஓடும் வீதியில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், நானும் என் மனைவி சாந்தியும் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே அவர் குடும்பம். எங்கள் தலைக்கு மேலே மொட்டைமாடி. அங்கேதான் அந்த சோலார் பிளேட் இருந்தது.

அந்தக் காலத்தில் சோலார் என்றால் ஏதோ ராக்கெட் விடுகிறவர்கள் சமாச்சாரம். பாதிக் கதவு அளவுக்கு ஒரு நீலக் கண்ணாடிப் பலகை. அதிலிருந்து ஒரு வயர் இறங்கி, மாடிப்படிக்கு அடியில் இருந்த பெரிய பேட்டரிக்குப் போகும். பக்கத்துச் சுவரில் ஒரு பெட்டி, பெட்டியில் மூன்று பொட்டு விளக்குகள். பச்சை எரிந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, மஞ்சள் என்றால் பாதி, சிவப்பு என்றால் காலி. இத்தனை ஏற்பாடும் எதற்கு? கரண்ட் போனால் நடுக்கூடத்தில் ஒரே ஒரு சின்ன டியூப்லைட் எரிவதற்கு.

அந்த ஒரு லைட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. அண்ணாச்சியின் மனைவி காந்திமதி அக்காவுக்குக் காது கேட்காது. மகள் கோமதி பிறந்த மூன்றாம் மாதம் வந்த காய்ச்சலில் கேட்கும் சக்தி போய்விட்டது. ஆனால் எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே முழுப் பேச்சையும் பிடித்துவிடுவாள். வெளிச்சம் இருக்கிறவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நானே குடிபோய் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்காவோடு பேசிப் பேசி அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வீட்டில் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார். அவர்கள் வீட்டுச் சண்டை ஒன்றுகூட மாடிக்குக் கேட்டதில்லை. கடைக்குப் போனதும் சத்தத்தைத் திறக்க மறந்துவிடுவார். சேலை வாங்க வந்தவர்கள் விலை கேட்டால் வாய் மட்டும் அசையும். "அண்ணாச்சிக்குத் தொண்ட கட்டிருக்கோ?" என்று கேட்டபிறகுதான் குரல் வரும்.

கோமதியை ஒரு மாசி மாதம் பெண் பார்க்க வந்தார்கள். அக்காவின் காதைப்பற்றி மூச்சுவிடக் கூடாது, பெண்ணுக்கும் அப்படி வருமோ என்று நினைப்பார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. இருட்டில் மாப்பிள்ளை வீட்டம்மாள் அக்காவிடம் ஏதோ கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். அப்போதும் இல்லை. மறுநாள் தரகர் வந்து, "பொண்ணோட அம்மைக்கு இஷ்டமில்ல போலுக்குன்னு சொல்லுதாவ" என்றார். அடுத்த மாதமே, பங்குனியில், அண்ணாச்சி மதுரைக்குப் போய் சோலாரோடு திரும்பினார்.

அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. காலை ஒன்பதிலிருந்து நாலு வரை மொட்டைமாடிக்கு யாரும் போகக் கூடாது. துணி காயப்போடக் கூடாது. அமாவாசைக்குக் காக்காய்க்கு வைக்கிற சோற்றை மூன்று வீடு தள்ளி வைக்கச் சொன்னார், எச்சம் அங்கேயே விழட்டும் என்று. எதிர்வீட்டு டிவி ஆண்டெனாவின் நிழல் விழுகிறது என்று போராடி, அதை இரண்டடி தள்ளி நடவைத்தார். அதற்கப்புறம் அந்த வீட்டு டிவியில் எல்லோருக்கும் இரண்டு தலை தெரிந்தது.

ஒரு நாள் நான் ஆபீசில் இருக்கிறேன். அண்ணாச்சி கையில் ஒரு மடித்த வேட்டியோடு வந்து என் மேஜை முன்னால் நிற்கிறார்.

"இது ஒம்ம வேட்டிதானவே?"

"ஆமா அண்ணாச்சி."

"பத்தே முக்காலுக்குக் காத்துல பறந்து வந்து எம் பிளேட்டு மேல படுத்துக் கெடக்கு. கால் மணி நேர வெயிலு போச்சு. அத நான் எந்தக் கடையில போயி வாங்குவேன்?"

ஆபீசே எழுந்து நின்று பார்த்தது. நான் வெயிலைத் திருடியவன் மாதிரி தலைகுனிந்து நின்றேன்.

அவர் கவலை ஒரு தொற்றுவியாதி. சாந்தி காலையில் பாலை அடுப்பில் வைக்கும் முன் வானத்தை எட்டிப்பார்ப்பாள். ஆபீஸ் ஜன்னலில் ஒரு மேகம் தெரிந்தால் நான் எழுந்து போய் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பேன். படியில் இறங்கும்போதெல்லாம் பெட்டியைப் பார்த்து, பச்சை எரிந்தால்தான் மூச்சு விடுவேன்.

பிளேட்டை வேடிக்கை பார்க்க ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர், "ஒங்களுக்கென்ன அண்ணாச்சி, சூரியனையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டிய" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், கண் பட்டுவிட்டது என்று அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே வைக்கோலை அடைத்து, மண்பானையில் மீசை வரைந்து, ஒரு திருஷ்டிப் பொம்மை செய்தார். தன்னுடைய பழைய சட்டையையே அதற்கு மாட்டினார். இரண்டு கையையும் விரித்தபடி, பிளேட்டுக்குத் தெற்கே ஒரு மூங்கிலில் உயரமாகக் கட்டினார். அது சித்திரை மாதம். பிளேட் மேல் ஒரு பொட்டு நிழல்கூட விழவில்லை.

தை பிறந்ததும் தூத்துக்குடியிலிருந்து கோமதிக்கு இன்னொரு இடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வருவதாகச் செய்தி. விளக்கு வைத்தால் கரண்ட் போவது எங்கள் தெருவின் வழக்கம். ஆனால் அண்ணாச்சியின் பயம் அதுவல்ல. மார்கழியிலிருந்தே பெட்டியில் பச்சை எரியவில்லை. வானத்தில் மேகமில்லை, வெயில் காய்கிறது, பெட்டியில் சில நாள் மஞ்சள், பல நாள் சிவப்பு.

"நீரு துணி கிணி போட்டீராவே?"

"இல்ல அண்ணாச்சி."

"சாந்தி?"

"அவ மொட்டமாடியப் பாத்தே மூணு மாசமாச்சு அண்ணாச்சி."

அந்த வாரம் முழுக்க சோலார் சுவிட்சைத் தொடக் கூடாது என்று உத்தரவு. கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கு. அந்த ஆடுகிற வெளிச்சத்தில் உதடு சரியாகத் தெரியாமல் அக்கா பேசாமல் உட்கார்ந்திருப்பாள். எதற்கும் இருக்கட்டும், ஒரு பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுத்து வைப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். "சோலாரு இருக்கித வீட்டுல பெட்ரோமாக்ஸா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் போய் என் டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாய் ஓயாமல் பேசுகிறவள். அக்கா அத்தனைக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். கோமதி கேசரித் தட்டோடு வந்தாள். நான் வாசல்நடையில் டார்ச்சோடு நின்றேன். அண்ணாச்சி மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வேகம் குறைகிறதா என்று கவலை.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போனது. அண்ணாச்சி கை ஏற்கெனவே சுவிட்சில் இருந்தது. டியூப்லைட் எரிந்தது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு உயிர் வந்தது.

மூன்று நிமிஷம்கூட இருக்காது. டியூப்லைட் மங்கியது, இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டியது. மாடிப்படிக்குக் கீழே பெட்டி டிக்கென்றது. திரும்பிப் பார்த்தேன், சிவப்பு.

இருட்டில் அந்த அம்மாளின் குரல் வந்தது. "மதினி, பிள்ளையத் தூத்துக்குடிக்கு அனுப்ப ஒங்களுக்குச் சம்மதந்தான?"

பதில் இல்லை.

"மதினி, ஒங்களத்தான் கேக்கேன்."

இருட்டில் எனக்கு டார்ச் சுவிட்ச் அகப்படவில்லை. அண்ணாச்சி வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். வெளிச்சத்தை நேராக மாப்பிள்ளையின் அம்மா வாய்க்கு அடித்தார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, என் வாயில என்ன இருக்கு?" என்றாள்.

அண்ணாச்சி டார்ச்சைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு பேசினார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. பயத்தில் வீட்டுப் பழக்கம் வந்துவிட்டது. "அண்ணாச்சி, சத்தம், சத்தம்" என்று நான் முணுமுணுத்தேன். அப்புறம்தான் குரல் வந்தது.

"அவளுக்குக் காது கேக்காது. பிள்ள பெறந்த பெறகு காய்ச்சல்ல போச்சு. வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிடுவா. போன தடவ வந்தவங்க இருட்டுல கேட்டுட்டு, அவளுக்கு இஷ்டமில்லன்னு போயிட்டாவ. மறைச்சது நாந்தான். அவளயும் பிள்ளையயும் ஒண்ணும் நெனைச்சுராதிய."

டார்ச் அவர் முகத்தில் இருந்ததால் அக்காவும் ஒரு சொல் விடாமல் படித்துவிட்டாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இதச் சொல்லதுக்கா இம்புட்டுப் பயந்திய? அத இங்கன குடுங்க" என்று அந்த அம்மாள் டார்ச்சை வாங்கி, தன் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் கீழிருந்து அடித்ததில், பார்க்கப் பேய் மாதிரி இருந்தது. கோமதி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். அந்த அம்மாள் சட்டை செய்யாமல், ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து கேட்டாள். "மதினி, சம்மதந்தான?"

"சம்மதம்" என்றாள் காந்திமதி அக்கா. தன் சத்தம் தனக்குத் தெரியாது அவளுக்கு. எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் நான் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். மத்தியானம் அக்கா அண்ணாச்சியின் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். சித்திரையில் தலைக்கு நேரே நின்ற சூரியன் இப்போது தெற்கே சாய்ந்திருந்தது. திருஷ்டிப் பொம்மையின் நிழல் இரண்டு கையையும் விரித்து பிளேட் மேல் சுகமாகப் படுத்திருந்தது. என் வேட்டி கால் மணி நேரம் படுத்ததற்கு ஆபீசுக்கே வந்த மனிதர், ஒரு மாதத்துக்கு மேலாகத் தன் சட்டையையே அங்கே தூங்கவைத்திருக்கிறார். காவலுக்கு வைத்ததன் மேல் அவருக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

அண்ணாச்சி அவளைப் பார்த்து, முன்னாலேயே தெரியுமா என்று உதட்டை அசைத்தார்.

"மார்கழியிலயே பாத்தேன்" என்றாள் அக்கா. "கை நெழல்தான, அதுல என்ன ஆயிரப்போவுதுன்னு நெனச்சேன். நீங்க பயந்துபோயி வச்சது. எடுத்தா இன்னும்ல பயப்படுவிய."

"அண்ணாச்சி, இது யாரு சட்டை?" என்றேன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"போவே அங்கிட்டு" என்றார். மூங்கிலை அவிழ்த்துப் பொம்மையை இறக்கியவர், சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் நாலு மணிக்குப் பார்த்தேன், பெட்டியில் பச்சை.

கோமதியின் கல்யாணம் பங்குனியில் நடந்தது. அதற்கு அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்து ஊரைவிட்டுப் போனோம். அண்ணாச்சி இப்போது இல்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் நான் டார்ச்சை எடுத்து, சாந்தி எங்கே இருக்கிறாள் என்று பார்த்து, எதிரே உட்கார்ந்து, வெளிச்சத்தை என் முகத்துக்குப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறேன். எனக்குத்தான் காது நல்லா கேக்குதே என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள், ஆனால் அணைக்கச் சொன்னதில்லை.