கூலி உயர்வு வேண்டாமென்ற ஓவர்லாக் அண்ணன்

திருப்பூர் தொழிலாளர் வரலாற்றில், தயவுசெய்து என் கூலியை ஏற்றாதீர்கள் என்று முதலாளிக்கு மனு கொடுத்த ஒரே மனிதர் எங்கள் ஓவர்லாக் அண்ணன்தான். யாராவது மறுத்தால் நான் சண்டைக்கு வருவேன். அந்த மனுவை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

2009 வாக்கில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் மூலனூர்ப் பக்கத்துக்காரர். ஓவர்லாக் மிஷினில் பனியன் ஓரம் தைப்பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்து, ஒரு தனியார் வங்கியில் கல்விக் கடனும் வாங்கியிருந்தார். அந்தச் சமயத்தில் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, படிப்புக் காலத்து வட்டியை அரசே வங்கிக்குக் கட்டிவிடும்.

அண்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, படிக்கறது எம்புள்ள. மானியம் பேங்குக்குப் போகுதுங்களா? பாவம், அவிங்களுக்கும் கஷ்டமாட்ட இருக்குதுங்க."

அதற்குப் பிறகு வங்கிக்குப் போனால், அங்கே கொடுக்கிற தண்ணீரைக்கூட வேண்டாம் என்றுவிடுவார்.

ஆனால் 'வருமானம் குறைந்த' என்ற இரண்டு சொற்கள் அவர் தூக்கத்தைக் கெடுத்தன. வருமானம் கூடினால் மானியம் போய்விடும். மானியம் போனால் வட்டி தலையில் ஏறும். அப்புறம் மகள் படிப்பு பாதியில் நிற்கும். வரம்பு எவ்வளவு என்று வங்கியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சந்தேகம் வந்துவிடுமாம்.

அன்றோடு ஓவர்டைமும் சேர்த்துப் பார்க்கிற ஒன்றரை ஷிப்டுக்குக் கும்பிடு போட்டார். ஆர்டர் அவசரம் என்று சூப்பர்வைசர் கெஞ்சியபோது, சும்மா தைத்துத் தருகிறேன், கணக்கில் மட்டும் ஏற்றாதீர்கள் என்றார். தைத்தும் தந்தார். தீபாவளி போனஸ் கொடுத்த அன்று லீவு போட்டார், பிறகும் வந்து வாங்கவில்லை. எல்லோருக்கும் கூலி உயர்ந்தபோதுதான் அந்த மனு. முதலாளி அதை மூன்று முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலாவது முறையும் படித்தார். இது ஏதோ சங்கத்துக்காரர்களின் புதுவகைப் போராட்டம் என்று பயந்து வக்கீலுக்குப் போன் போட்டார்.

பத்து மாதம் இப்படியே ஓடியது. வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றது. பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர் நடந்து வந்தார். பொறுக்க முடியாமல் நானே அவரை இழுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், மேலாளரிடம் வரம்பைக் கேட்டேன். அவர் அண்ணனின் சம்பளச் சீட்டைப் பார்த்தார்.

"உங்க சம்பளம் மூணு மடங்கானாலும் மானியம் வருங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வங்கி வாசலிலேயே நிறுத்தி, போனஸிலிருந்து ஓவர்டைம் வரை அவர் விட்ட பணம் எவ்வளவு என்று கூட்டிச் சொன்னேன். அண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"அப்பப் படிப்பு நிக்காதுங்களே, அது போதுமுங்க. புள்ளைகிட்ட மட்டும் சொல்லீராதீங்க. வெசனப்படும்."

நான் சொல்லவில்லை. அவள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். வாரம் தவறாமல் இந்தப் பத்திரிகை வாங்குகிறாள் என்று கேள்வி. வாக்குத் தவறிவிட்டேன், அண்ணா. கோபித்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தெரியாமலே போய்விடுமோ என்று இத்தனை வருஷமாக நான்தான் வெசனப்பட்டுக்கொண்டிருந்தேன்.