கோலாலம்பூர், திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம்

பொறாமை பிடித்தவன் பேருந்துக்குக் காத்திருக்க மாட்டான். தி.நகரில் மாமா வீட்டிலிருந்து கிளம்பிய நான், லஸ் முனையையும் தாண்டித் திருவல்லிக்கேணி மான்ஷனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். வயிற்றில் ஒரே ஒரு வடை. முருகேசனுக்கு மூன்று.

முருகேசன் என் பழைய அறைத்தோழன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவனை மாமா வீட்டுக்கு முதன்முதலில் கூட்டிப்போனவனே நான்தான் (என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம்). எட்டாவதோடு படிப்பை விட்டு, நாலு ஊர் சுற்றிவிட்டு, மாமாவின் பாத்திரக்கடையில் மூன்று சக்கர வண்டி மிதித்துக்கொண்டிருந்தேன். அவனோ கோலாலம்பூரில் வேலைக்குப் போய், இப்போது மாமா மகள் செல்வியைப் பெண் கேட்டு வந்திருந்தான். செல்வியைக் கட்டிக்கொள்ள நானும் முடிவு செய்திருந்தேன். செல்வியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

வந்தவன் கழுத்தில் விமானத் தலையணை. இறங்கி ஒரு நாள் ஆகியும் கழற்றவில்லை.

"ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் மாமா," என்று அவன் பெருமையடித்ததும் மாமாவின் முகம் சுருங்கியது.

"தங்கமான பையன்தான். அவ்வளவு தூரம் எப்படிப்பா பொண்ணை அனுப்புறது?"

அந்தத் தூரம் ஒன்றுதான் அந்த வீட்டில் என் பக்கம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அப்போதுதான் அத்தை, "பாவம், எங்கிருந்தோ பறந்து வந்திருக்கு பிள்ளை," என்று மூன்றாவது வடையை அவன் தட்டில் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் அவன் காட்டிக்கொண்டிருந்த செல்போன் டிக்கெட்டைப் பிடுங்கினேன்.

"என்ன பெரிய தூரம் அத்தை? ஒன்பதுக்கு ஏறியிருக்கான், பத்தரைக்கு எறங்கியிருக்கான். ஒன்றரை மணி நேரம். திண்டிவனம் இதைவிடத் தூரம்."

முருகேசன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு அதில் வடையை வைத்துக்கொண்டான்.

"ஒன்றரை மணி நேரந்தானா?" மாமா தம்ளரைக் கீழே வைத்தார்.

செல்வி எட்டிப் பார்த்தாள். "அத்தான், திரும்பிப் போறதுக்கு ஆறரை மணி நேரம் போட்டிருக்கே?"

வண்டி மிதிக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது?

"போறது ஏத்தம், வர்றது எறக்கம்."

செல்விதான் முதலில் சிரித்தாள். அத்தைக்குப் புரையேறியது. அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, போக நாலு மணி நேரம், வரவும் நாலு மணி நேரம் என்று முருகேசன் நிதானமாக விளக்கினான்.

"நாலு மணியா? நம்ம திருநெல்வேலிக்கே ராத்திரி பூரா ரயில்ல கெடக்கணும்," என்ற மாமா, செல்வியைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டே தலையாட்டிவிட்டாள். மாமா என் முதுகில் தட்டினார். "நல்லவேளை நீ அந்தப் பேச்சை எடுத்தே."

அதன்பிறகுதான் அந்த நடை.

இன்றும் கோலாலம்பூரிலிருந்து போன் வந்தால், செல்வியின் முதல் கேள்வி, "அத்தான், இன்னிக்கு ஏத்தமா, எறக்கமா?"

அந்த நடைக்கு மறுநாள் காலை பாத்திர வண்டியைத் தொட மனம் வரவில்லை. பக்கத்து அறைக்காரர் சொல்லி, விமான நிலையத்தில் ஒரு வேலையில் சேர்ந்தேன். கார் நிறுத்தத்தில் பயணிகள் விட்டுப்போகும் தள்ளுவண்டிகளை ஒன்றோடொன்று கோத்து, மேலே புறப்பாடு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மேஸ்திரி என் கையில் முதல் வரிசையை ஒப்படைத்துவிட்டுச் சொன்னார்:

"பாத்துத் தள்ளு நைனா. போசொல்லோ ஏத்தம், வர்சொல்லோ எறக்கம்."